நாற்பது வருடம் கழித்து உட்கார்ந்த மாதம்

ஹாங்ஜோ நகரத்தில் குய்லியனுக்குத் தொழில், மற்றவர்களுடைய மாதத்தைக் கவனித்துக்கொள்வது. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் அறையை விட்டு வெளியே வராமல், மேலே காற்றுப் படாமல், பச்சைத் தண்ணீரில் கை வைக்காமல் இருப்பதற்கு அங்கே மாதம் உட்கார்தல் என்று பெயர். அந்த முப்பது நாளும் கூடவே தங்கித் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணை மாத அண்ணி என்பார்கள். ஒன்பது வருடத்தில் எழுபத்தாறு பெண்களை அவள் அப்படி உட்கார வைத்து எழுப்பியிருந்தாள்.

அது பாதித் தூக்கத்தில் நடக்கும் வேலை. ஜன்னல் சாத்தியிருக்கும். திரை இழுத்திருக்கும். வெளியே உச்சி வெயில் காய்ந்தாலும் அறைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி மங்கலாக இருக்கும். பால் வாசனையும் இஞ்சி வாசனையும் கோழி கொதிக்கும் வாசனையும் ஒன்றாகக் கலந்து, அதுவே அந்த அறையின் காற்றாகிவிடும். இன்று என்ன கிழமை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டே பேசுவாள். பள்ளிக்கூடத்தில் கூட இருந்த தோழி, வேலையில் சேர்ந்த முதல் நாள், மாமியார் சொன்ன ஒரு வார்த்தை என்று எங்கெங்கோ போவாள். குய்லியன் துண்டுகளை மடித்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவாள். முப்பது நாள் முடிந்து வெளியே வந்தால் தெருவில் பருவம் மாறியிருக்கும். உள்ளே போகும்போது மொட்டு விட்டிருந்த மரம் வெளியே வரும்போது பூவெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும். இப்படி அவள் பார்க்காமல் தாண்டிய வசந்தங்கள் ஒன்றிரண்டு அல்ல.

அந்த வருடக் குளிர்காலத்தில், அடுத்து போக வேண்டிய வீட்டார் மனம் மாறி, மருமகளை மாதம் உட்கார வைக்கும் ஒரு விடுதியில் சேர்த்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் பிள்ளை பிறக்க ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. குய்லியனுக்கு வயது நாற்பது. இத்தனை நாள் சும்மா இருந்து அவளுக்குப் பழக்கம் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, போயாங் ஏரிக்கரையில் சித்தி தாவோயிங் தனியாக இருந்த வீட்டுக்குப் போனாள்.

சித்தி என்று கூப்பிடுவது வழக்கம். பெற்றவள் அவள்தான்.

தாவோயிங்குக்கு முதல் குழந்தை பெண். அந்தக் காலத்தில் இரண்டாவது எதுவாக இருந்தாலும் அதோடு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள். இரண்டாவதும் பெண்ணாகிவிட்டால் பையனுக்கு இடம் இல்லாமல் போய்விடும். ஆகவே வயிறு தெரியத் தொடங்கியதும், ஏரிக்கு அக்கரையில் இருந்த அக்கா மைஹுவாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லியாயிற்று. பையன் பிறந்தால் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவது, பெண் பிறந்தால் அக்காவிடம் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. மைஹுவாவுக்குக் கல்யாணம் ஆகிப் பத்து வருடமாகப் பிள்ளை இல்லை.

ஜூலை மாதக் கடைசியில் அந்த ஊருக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். மைஹுவாவின் புருஷன் தாவோயிங்கைத் தட்டையான படகில் படுக்க வைத்து, மேலே பாயைப் போட்டு, நாணலுக்குள் தள்ளிக்கொண்டு போனான். குய்லியன் அங்கேதான் பிறந்தாள், தண்ணீருக்கு மேலே, விடிந்து சற்று நேரத்தில். போயாங் ஏரி கோடையில் கடல் மாதிரி பரந்து கிடக்கும். குளிர்காலத்தில் வற்றிப் புல்வெளியாகிவிடும். குய்லியன் வந்து இறங்கிய அந்தக் குளிர்காலத்திலும் ஏரி இருந்த இடத்தில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மூடுபனிக்குள் அவற்றின் முதுகு மட்டும் தெரிந்தது. தான் பிறந்த இடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் தாவோயிங் ஊர் திரும்பினாள். அறுப்பும் நடவும் ஒரே சமயத்தில் வரும் நாட்கள் அவை. வயலில் இறங்காத பெண்ணைப் பற்றிக் கேள்வி வரும். முழங்கால் தண்ணீரில் குனிந்து பதினோரு நாள் நாற்று நட்டாள். பால் கட்டி, சட்டை நனைந்து, வயல் தண்ணீரில் சொட்டியது. பார்த்தவர்கள் வியர்வை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவளுக்கு மணிக்கட்டு வலி. காற்றடித்தால் தலைவலி. மாதத்தில் வந்த நோய் மாதத்தில்தான் போகும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. சரியாக உட்காராதவள் அடுத்த பிள்ளைக்குச் சரியாக உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். இரண்டு வருடம் கழித்து தாவோயிங்குக்குப் பையன் பிறந்தான். முப்பது நாள் குறையாமல் உட்கார்ந்தாள். வலி போகவில்லை. “அது அவனோட மாசம். இதுக்குச் செல்லாது” என்று ஒரு தடவை சொன்னாள். எதற்குச் செல்லாது என்று சொல்லவில்லை.

குய்லியனுக்குப் பன்னிரண்டு வயதில் விஷயம் தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சந்தையில் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியே தாவோயிங் மூக்கு” என்றாள். வீட்டுக்கு வந்து மைஹுவாவிடம் கேட்டாள். மைஹுவா அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று முழுவதும் சாப்பிடாமல் இருந்தாள். அதன் பிறகு குய்லியன் கேட்கவில்லை. மைஹுவாவை அம்மா என்றும் தாவோயிங்கைச் சித்தி என்றும் கூப்பிட்டுக்கொண்டே வளர்ந்தாள். புத்தாண்டுக்குச் சித்தி தைத்துக் கொண்டுவரும் துணிச் செருப்பு ஒவ்வொரு வருடமும் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். காலை யாரும் அளந்ததில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வாக்கு இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொள்ளும்போது மைஹுவா தங்கையிடம் கேட்டு வாங்கிய வாக்கு. “குடுத்தா குடுத்ததுதான். நாளைக்கு வந்து ‘என் பொண்ணு’ன்னு வாயைத் திறக்கக் கூடாது.” தாவோயிங் நாற்பது வருடம் வாயைத் திறக்கவில்லை. குய்லியனோ பிறத்தியார் பெற்ற எழுபத்தாறு பிள்ளைகளைக் கையில் வாங்கிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தாய்க்காரி குழந்தையைப் பார்த்து “என்னுது” என்று சொல்வதைக் கேட்பாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவள் ஆசை.

அவள் வந்த அன்று தாவோயிங்கால் வெந்நீர்க் குடுவையைத் தூக்க முடியவில்லை. இரண்டு முழங்கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு, உடம்பையே சாய்த்து ஊற்றினாள். பாதி மேஜையில் போயிற்று. குய்லியன் குடுவையை வாங்கி வைத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“சித்தி, ஒரு மாசம் உக்காருங்க.”

“எங்க உக்கார்றது?”

“கட்டில்ல. முறைப்படி மாசம் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்.”

தாவோயிங் சிரித்துவிட்டாள். “அறுபத்தேழு வயசுல மாசம் உக்காந்தா, பிள்ளை எங்கன்னு கேப்பாங்க. கோழியைத் தூக்கிக் காட்டவா?”

“பிள்ளை இங்கதான் நிக்குது. அறுபது கிலோ.”

தாவோயிங் சிரிப்பதை நிறுத்தினாள். மேஜையில் சிந்திய தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“இது மூட்டு வாதம்டி. டவுன் டாக்டர் படம் எடுத்துப் பாத்துச் சொல்லிட்டார்.”

“வாதம்தான். யாரு இல்லேன்னா? மாத்திரையும் சாப்பிடுங்க, மாசமும் உக்காருங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது.”

“அக்காவுக்குத் தெரியக் கூடாது.”

“ஊருக்கு?”

“ஊருக்குத் தெரிஞ்சா அக்காவுக்குத் தெரியும். கேட்டா சளின்னு சொல்லு.”

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தார்கள். மகன் கட்டிக் கொடுத்த மூன்று மாடி வீட்டில் தாவோயிங் கீழ் அறையை மட்டும்தான் புழங்கினாள். குய்லியன் அந்த அறை ஜன்னலைச் சாத்தி, திரை இல்லாததால் சிவப்புப் பூப்போட்ட மெத்தை உறையை ஆணியில் மாட்டினாள். வெளிச்சம் அதன் வழியாக வடிகட்டி உள்ளே வந்தது. பகல் முழுவதும் அறை செக்கச்செவேல் என்று, இமையை மூடிக்கொண்டு சூரியனைப் பார்த்த மாதிரி இருந்தது. குளிருக்காக அறையில் இருந்த தணல் வாளியை வெளியே வைத்தாள். மூடிய அறையில் கரி எரித்தால் ஆளே எழுந்திருக்க மாட்டாள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதில் மின்சாரக் கணப்பு ஒன்றை டவுனிலிருந்து தூக்கி வந்தாள். அறுபத்தேழு வயதுக்காரியை ஒரேயடியாகப் படுக்கப் போட்டால் காலில் ரத்தம் கட்டும். ஆகவே காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது சுற்று என்று அறைக்குள்ளேயே சுற்றி நடக்க வைத்தாள். தலையில் துணிப்பட்டை, காலில் கம்பளிக் காலுறை. இஞ்சித்தோல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் உடம்பு துடைப்பு. மாசிப்பத்திரி மூலிகைத் தண்ணீரில் கால் நனைப்பு. காலையில் அரிசிக் கள்ளில் வெந்த முட்டை, மத்தியானம் கிழட்டுக் கோழிச் சாறு.

தாவோயிங் மோசமான நோயாளி. இரண்டாம் நாளே அடுப்படியில் நின்று முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கத்தியைக் கீழ வைங்க.”

“சும்மா எவ்வளவு நேரம்டி கிடக்கறது? முதுகுல பூஞ்சை பூத்துடும்.”

“பூக்கட்டும். துடைச்சு விடறேன். என் கையில வந்த பணக்காரி ஒருத்தி, கம்பெனியே நடத்தறவ, ‘ஏய், படு’ன்னா படுத்துக்குவா.”

“அவளுக்கு உன்னைப் பாத்தா பயமா இருந்திருக்கும்.”

“உங்களுக்கு?”

“உன் மூக்கு என்னுது. அதைப் பாத்து எனக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து, தாவோயிங் கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

நான்கைந்து நாள் போனபின் அறை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. எந்த அறையும் அப்படித்தான். கதவு மூடி, வெளிச்சம் மங்கி, வயிறு நிறைந்து, கை கால் சூடாக இருந்தால் யாராக இருந்தாலும் உள்ளே இருக்கும் முடிச்சுகள் தளரும். தாவோயிங் தூங்கினாள். விழித்தாள். மறுபடி தூங்கினாள். கிழமை மறந்துபோயிற்று. ஏரியின் பக்கமிருந்து குளிர்காலத்துக் கொக்குகளின் கூப்பாடு, யாரோ தூரத்தில் கதவைத் திறந்து மூடுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. வெளியே பனி வெண்மையாக நின்றது. உள்ளே சிவப்பாக இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் வீடு எங்கேயோ மிதப்பதாக குய்லியனுக்கே சில சமயம் தோன்றும். அடுப்பில் கோழி கொதிக்கும் சத்தம்தான் அவளை இழுத்து வைக்கும்.

பத்தாம் நாள் மத்தியானம் தாவோயிங் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

“துடைக்கத் துணி இல்ல. பாயைக் கிழிக்கலாமான்னு பாத்தேன். கிழியலை. தாமரை இலையைப் பறிச்சு அதுல வச்சேன். இலை ஆடுச்சு. நீ அழவே இல்ல, மேல பாத்துட்டிருந்தே. நாணலுக்கு மேல ஒரு துண்டு வானம் இருந்துச்சு, அதைப் பாத்தே. லியன்னு நான்தான் வச்சேன். தாமரைன்னு. அக்கா அவ வச்சதா நினைச்சிட்டிருக்கா. அவ காதுல மெதுவா போட்டு வச்சது நான்.”

பேசிக்கொண்டே அவள் வலது கை படுக்கையில் பக்கத்து இடத்தைத் தட்டியது. மெதுவாக, ஒரே தாளத்தில். அந்தத் தட்டலை குய்லியன் எழுபத்தாறு வீட்டில் பார்த்திருக்கிறாள். குழந்தை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றவள் கை தூக்கத்தில் அப்படித் தட்டும். தாவோயிங்கின் கைக்குக் கீழே மெத்தைதான் இருந்தது.

பிறகு அவள் கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது.

“அழாதீங்க” என்றாள் குய்லியன். “மாசம் உக்காந்திருக்கறப்ப அழுதா கண்ணு கெட்டுப்போயிடும். நீங்களே சொல்வீங்க.”

“அழலை. கள்ளு காரமா இருந்துச்சு.”

“கள்ளு இனிப்பு.”

தாவோயிங் தூங்கிவிட்டாள். குய்லியன் ஐந்து நிமிடம் என்று எண்ணிக்கொண்டு, அவள் தட்டிய இடத்தில், கட்டில் ஓரமாக ஒருக்களித்துப் படுத்தாள். தொழிலில் இது கூடாது. எழுபத்தாறு வீட்டிலும் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. விழித்தபோது கோழிச் சாறு பாதியாகச் சுண்டியிருந்தது. முதுகில் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. குய்லியன் மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல் கிடந்தாள். சாறு போனால் போகிறது, இன்னொரு கோழி இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜாவோதிக்கு மோப்பம் அதிகம். தம்பியை அழைத்து வரட்டும் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் நான்கு தங்கைகளை அழைத்து வந்தாள். அதிலிருந்து அவளுக்கு யார் வீட்டில் என்ன பிறக்கிறது என்பதில் அக்கறை. பன்னிரண்டாம் நாள் ஒரு கட்டுக் கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிடாமலே அறைக்குள் வந்து நின்றாள்.

“பத்து நாளா கோழி வாசனை. இஞ்சி வாசனை. கள்ளு வாசனை. யாருக்குடி பிள்ளை?”

“சித்திக்குச் சளி” என்றாள் குய்லியன்.

“சளிக்குத் தலையில பட்டை கட்டுவாங்களா? நான் மூணு பெத்தவ. எங்கிட்டயே கதை விடறே.”

“உன் கீரையை வச்சுட்டுப் போ” என்றாள் தாவோயிங், போர்வைக்குள்ளிருந்து.

ஜாவோதி போன பிறகு தாவோயிங் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் காலடி வைக்கும் வெளியாளின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காகவே நல்லவளாகப் பார்த்து அழைத்து வருவார்கள்.

“நாணலுக்குள்ள யார் வந்து மிதிப்பாங்க? ஒருத்தரும் மிதிக்கலை” என்றாள் தாவோயிங். “இப்ப மிதிச்சது ஜாவோதி. போச்சு. இனிமே நீ வாயாடிதான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு வந்தது. ஜாவோதிக்குத் தெரிந்தால் சந்தைக்குத் தெரியும். சந்தைக்குத் தெரிந்தால் ஏரிக்கு அக்கரை எவ்வளவு தூரம்?

“அக்கா வந்தா நான் என்ன சொல்வேன்?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

“வாக்குக் குடுத்திருக்கேன். நாற்பது வருஷம் காப்பாத்தினதைச் சாகப்போற வயசுல உடைக்கவா? அவ உன்னை வளத்தவ. அவ வாயில மண்ணைப் போடவா?”

மைஹுவா அவளை ஒரு நாளும் குறையாக வளர்க்கவில்லை. குய்லியனுக்குப் பிள்ளை பிறந்தபோது மாதம் உட்கார வைத்ததும் மைஹுவாதான். இந்தக் கணக்கில் யாரிடம் எதைக் கேட்பது? அவள் எழுந்து போய்க் கால் நனைக்கத் தண்ணீர் வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் முற்பகலில் வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. குரல் முதலில் வந்தது.

“தாவோயிங்! பட்டப்பகல்ல எதுக்குடி கதவைச் சாத்திட்டுக் கிடக்கே?”

எழுபத்தோரு வயதுக் குரல், ஊரையே எழுப்புகிற மாதிரி இருந்தது. குய்லியன் கோழிச் சாற்றுக் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றாள். கட்டிலில் இருந்த தாவோயிங் அந்தக் குரலைக் கேட்டதும் தூக்கம் கலைந்த குழந்தை மாதிரி பதறி எழுந்தாள். தலைப் பட்டையைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் திணித்தாள். காலுறையை உதறினாள். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் இறங்கி, மூலையில் இருந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கையையும் முக்கி, காலையில் சாப்பிட்ட கிண்ணத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். மைஹுவா உள்ளே வந்தபோது, தினமும் வேலை செய்கிறவள் மாதிரி குனிந்து நின்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. லேசா சளி. குய்லியன் சும்மா பாக்க வந்தா. அக்கா பொண்ணு சித்தியைப் பாக்க வர்றதுதானே?”

அக்கா பொண்ணு. நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய சொல்தான். ஆனாலும் பதினெட்டு நாள் அந்தச் சிவப்பு அறைக்குள் இருந்துவிட்டுக் கேட்கும்போது குய்லியனுக்கு அது வேறு யாரையோ சொன்ன மாதிரி இருந்தது. கையில் கிண்ணம் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை.

மைஹுவா ஜன்னலில் தொங்கும் மெத்தை உறையைப் பார்த்தாள். தலையணைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பட்டையின் முனையைப் பார்த்தாள். மாசிப்பத்திரித் தண்ணீர் வைத்த மர வாளியைப் பார்த்தாள். கடைசியில் தங்கையின் பாதத்தைப் பார்த்தாள். குளிரில் அது ஏற்கனவே நீலம் பாய்ந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் கிண்ணம் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“அறிவிருக்காடி உனக்கு?” என்றாள் மைஹுவா. “மாசம் உக்காந்திருக்கறவ வெறுங்காலோட சிமெண்டுல நிக்கறே? பத்தொம்பதாம் நாள்! அந்த ஜாவோதி நாள் எண்ணிச் சொல்லிவிட்டிருக்கா. கையைத் தண்ணியிலேருந்து எடு. எடுங்கறேன்!”

தாவோயிங்கின் கை தண்ணீரிலேயே நின்றது. “அக்கா, நான் வாக்கு மீறலை. ஒரு வார்த்தை சொல்லலை…”

“வாக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடு. ஏறு கட்டில்ல.”

அவள் ஏறவில்லை. நிற்கத்தான் தெரிந்தது. மைஹுவா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தான் போட்டிருந்த பஞ்சுச் சட்டையைக் கழற்றி, தங்கையின் இரண்டு பாதத்தையும் அதற்குள் வைத்துச் சுற்றித் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, குய்லியனைப் பார்க்காமல், பாதத்தோடு பேசுகிறவள் மாதிரி சொன்னாள்.

“அன்னிக்கு இவளை மூணாம் நாளே வெரட்டினது நான்தான். நாத்து நடப் போகலேன்னா சந்தேகப்படுவாங்கன்னு சொன்னேன். அது நெசம்தான். ஆனா அதுக்காக வெரட்டலை. இன்னும் ரெண்டு நாள் பால் குடுத்துட்டா, பிள்ளையை விட மாட்டாளோன்னு பயந்தேன். அஞ்சு நாள் கழிச்சுக்கூட அனுப்பியிருக்கலாம். இவ மணிக்கட்டைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்த அஞ்சு நாள்தான் ஞாபகம் வரும்.”

தாவோயிங் அழத் தொடங்கினாள்.

“அழாதே! கண்ணு போயிடும்” என்று மைஹுவாவும் குய்லியனும் ஒரே சமயத்தில் அதட்டினார்கள்.

அன்று பிற்பகல் ஹாங்ஜோவிலிருந்து செல்போனில் அழைப்பு வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் முந்தி வலி எடுத்துவிட்டது. பிள்ளை பிறந்தாயிற்று, நாளை வந்தாக வேண்டும். தாவோயிங்கின் மாதத்தில் பதினோரு நாள் மீதி இருந்தது. குய்லியன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள்.

“போ” என்றாள் மைஹுவா. “அங்க ஒருத்தி இன்னிக்குப் பெத்துட்டுக் கிடக்கா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அன்னிக்கே நான் பாத்திருக்க வேண்டியது.”

“உங்களுக்கே எழுபத்தொண்ணு.”

“கோழியை அறுக்க வயசு எதுக்கு? கத்தி இருந்தா போதும்.”

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் சண்டை போட்டார்கள். மைஹுவா ஒரு நாளைக்கு எட்டு முட்டை என்றாள். குய்லியன் இரண்டு என்றாள். மைஹுவா நடக்கவே கூடாது என்றாள். குய்லியன் இருபது சுற்று என்றாள். ரத்த அழுத்த மாத்திரை காலையில், வாதத்துக்கு உள்ளது சாப்பாட்டுக்குப் பின். மைஹுவாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே குய்லியன் ஒரு காகிதத்தில் சூரியன் வரைந்து பக்கத்தில் வெள்ளை மாத்திரை, கிண்ணம் வரைந்து பக்கத்தில் மஞ்சள் மாத்திரை என்று போட்டுச் சுவரில் ஒட்டினாள். சூரியன் முட்டை மாதிரி இருக்கிறது, அப்படியானால் மூன்று முட்டை என்று மைஹுவா சாதித்தாள். கட்டிலில் தாவோயிங் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தன்னைப் பற்றித்தான் இவ்வளவு சண்டையா என்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டு வீக்கம் சற்றுக் குறைந்திருந்தது. பதினெட்டு நாள் பச்சைத் தண்ணீர் தொடாமல், கதகதப்பாக வைத்தால் யாருக்கும் குறையும்.

மறுநாள் காலையில் பனி வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. குய்லியன் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக் கதவில் நின்று கடைசியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிக்கதவும் திறந்திருந்தது. அதற்குள் பனியை விலக்கிக்கொண்டு ஜாவோதி முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

“அதுக்குள்ள கிளம்பிட்டியா? இவ்வளவு கோழியையும் போட்டுச் சளியைத் துரத்தியாச்சா? நானும் கேட்டுட்டே இருக்கேன், சொல்ல மாட்டேங்கறே.”

குய்லியன் வாயைத் திறக்குமுன் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“ஜாவோதி! காதை நல்லாத் திறந்து வச்சுக்கோ. சளி இல்ல, ஒண்ணுமில்ல. மாசம் உக்காந்திருக்கேன்.” தாவோயிங்கின் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. “இவ என்னுது. இவளைப் பெத்தப்ப உக்கார விடலை, இப்ப உக்கார்றேன். இன்னும் பத்து நாள் இருக்கு. போய்ச் சந்தையில சொல்லு.”

ஜாவோதி முதன்முறையாகப் பேச்சில்லாமல் நின்றாள். அறைக்குள் மைஹுவா இருமினாள். தங்கையை மறுக்கவில்லை.

“குய்லியன், கதவைச் சாத்து. காத்து அடிக்குது” என்றாள் தாவோயிங்.

“நல்லாச் சாத்துடி” என்றாள் மைஹுவா.

குய்லியன் சாத்தினாள். கீழே விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. ஒரு பழைய துணியைச் சுருட்டி அதில் அடைத்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தாள். ஏரிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. ஜாவோதிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பாதி வழி வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

“அப்ப இனிமே அவளை என்னன்னு கூப்பிடுவே?”

“தெரியலை” என்றாள் குய்லியன். “முதல்ல மாசம் முடியட்டும்.”